மருந்துக்குக் கட்டி கேட்கிறதா?

நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. கொடுத்த மருந்துக்கு நோய் கேட்கிறதா என்பதை இடையிடையே பார்த்தறிதலும் வேண்டும். உழவிலும் நெசவிலும் நாம் என்றும் கைக்கொள்ளும் நெறியே இது. மரவள்ளியில் மாவுப்பூச்சி கண்டு மருந்து தெளித்த உழவர், சில நாள் கழித்து இலையைத் திருப்பிப் பாராமல் அடுத்த தெளிப்புக்குப் பணம் செலவிடார். சாயத் தொட்டியில் நூலை இறக்கியவர், ஒரு சிட்டத்தைத் தூக்கி நிறம் ஏறியிருக்கிறதா என்று பாராமல் மேலும் சாயம் கரைக்கார். ஆனால் உடலுக்குள் மறைந்திருக்கும் புற்றுக்கட்டிக்கு மருந்து செலுத்தும்போது, அதை வெளியே எடுத்துப் பார்ப்பதற்கில்லை. அங்கே கண்ணுக்குத் துணையாக நிற்பது ஒலி. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருந்து கொடுக்கும்போது, அம்மருந்தின் பயனை ஒலியலைகளைக் கொண்டு எவ்வாறு அளந்தறிகின்றனர் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இந்தியப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோய். 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டிருக்கும் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டுள்ளது. பொம்மிடியைப் போன்ற ஊர்களில் வாழும் நம் சகோதரிகள் இதற்குச் சிகிச்சை பெறத் தருமபுரிக்கோ, சேலத்துக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. பலமுறை போய்வர வேண்டிய இந்தப் பயணத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் குறுக்கிடுகின்றன. ‘மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறதே, நடுவில் ஸ்கேன் எதற்கு? வீண் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது’ என்பது ஒன்று. ‘கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை, ஆகவே நோய் தீர்ந்தது, இனி அறுவை வேண்டியதில்லை’ என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் பயனற்ற மருந்தில் காலத்தைக் கழிக்கச் செய்யும். இரண்டாவது எண்ணம் உயிருக்கே உலை வைக்கும். இவ்விரண்டும் ஏன் தவறு என்பதை உறுப்பினர்கள் அனைவரும், குறிப்பாகக் குடும்பத் தலைவர்கள், அறிந்துகொள்ளல் வேண்டும்.

அறுவைக்கு முன் மருந்து ஏன்?

கட்டி என்றால் முதலில் அறுத்தெடுப்பது, பிறகு மருந்து கொடுப்பது என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆயினும் கட்டி மிகப் பெரிதாகி, தோலையோ மார்புச் சுவரையோ பற்றிக்கொண்ட நிலையில் வருபவர்களுக்கு உடனே அறுவை செய்தல் இயலாது. செய்தாலும் நோயின் எச்சம் நின்றுவிடும். நம் நாட்டில் பெண்கள் காலந்தாழ்த்தி மருத்துவமனைக்கு வருவதால் இத்தகைய நிலை மிகுதி. இவர்களுக்கு மருந்தை முன்னதாகக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அறுவைக்கு ஏற்றதாக்குவது ஒரு வழியாயிற்று.

இவ்வழியில் நீண்ட அனுபவம் உடையது சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் நிலையம். தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்டு மனம் நொந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் இந்நிலையம் எழுந்தது. 1952 ஆம் ஆண்டில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளுடன் பணி தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் அங்கே சேர்ந்து 2021 இல் மறையும் வரையில் அந்நிலையத்துக்கே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். முற்றிய மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன்னதாகவே மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்து அளிக்கும் முறையை இந்நிலையம் கைக்கொண்டது. 1990 முதல் 1999 வரை இவ்வாறு சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்து, 2008 ஆம் ஆண்டில் டாக்டர் சாந்தாவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். ஆகவே இது அயல்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய முறை அன்று. நம் மண்ணிலேயே பல்லாண்டு பயின்ற முறை என்பதை நினைவிற்கொள்க.

பின்னர், அறுவை செய்யக்கூடிய அளவில் உள்ள கட்டிகளுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண அமெரிக்காவில் 1988 முதல் 1993 வரை 1,523 பெண்களைச் சேர்த்து ஒரு பெரும் ஆய்வு நடத்தினர். பாதிப்பேருக்கு அறுவைக்கு முன்பும், பாதிப்பேருக்கு அறுவைக்குப் பின்பும் ஒரே மருந்தைக் கொடுத்தனர். உயிர் பிழைத்திருத்தலில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மருந்தை முன்னர்ப் பெற்றவர்களுள் மார்பகத்தை முழுவதும் நீக்காமல் கட்டியை மட்டும் நீக்கக்கூடியவர்களின் தொகை மிகுதியாயிற்று. அதனினும் மேலான நன்மை ஒன்றுண்டு. கட்டி உடலில் இருக்கும்போதே மருந்து கொடுப்பதால், மருந்து பலிக்கிறதா இல்லையா என்பதை நேரே பார்க்கலாம். கட்டியை எடுத்துவிட்ட பிறகு கொடுக்கும் மருந்துக்கு அத்தகைய சாட்சி கிடையாது.

ஒலி எவ்வாறு காட்டுகிறது?

மனிதனின் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில்தான் கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியை மீயொலி என்பர். வௌவால் இத்தகைய ஒலியை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருளிலும் வழியறிந்து பறக்கிறது. மார்பக ஸ்கேனுக்குப் பயன்படும் கருவியோ நொடிக்கு 70 லட்சம் முதல் 1½ கோடி அதிர்வுகள் வரை எழுப்ப வல்லது. சில வகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கும் என்று 1880 இல் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் கண்டனர். அப்படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் அது அதிரும் என்பது அடுத்துத் தெளிவாயிற்று. ஸ்கேன் கருவியின் கைப்பிடிக்குள் நடப்பது இதுவே: மின்சாரம் ஒலியாகி உள்ளே செல்கிறது, எதிரொலி மின்சாரமாகித் திரும்புகிறது.

உடலின் மென்மையான தசையில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் விரைகிறது. கொழுப்பு, பால் சுரப்பி, நார், கட்டி என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் எல்லைதோறும் ஒலியில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், வலிமையைக் கொண்டு பொருளின் தன்மையையும் கணக்கிட்டு, யந்திரம் கறுப்பும் சாம்பலுமான படமாகத் திரையில் வரைந்துவிடுகிறது. புற்றுக்கட்டி பெரும்பாலும் சுற்றிலும் உள்ளவற்றைக் காட்டிலும் கறுத்து, ஓரம் ஒழுங்கின்றித் தோன்றும். மார்பகக் கட்டிகளை இவ்வாறு ஒலியால் ஆராயும் முயற்சியை 1950 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே ஜான் வைல்டு என்ற மருத்துவரும் ஜான் ரீட் என்ற பொறியாளரும் அமெரிக்காவில் தொடங்கினர். கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கும் முறை அதற்குச் சில ஆண்டுகள் பின்னரே புகழ் பெற்றது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் என்றாலே பிள்ளைப்பேற்றுக்கு உரியது என்ற எண்ணம் நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994 ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அச்சட்டத்தை நினைத்து, வயது முதிர்ந்த பெண்ணுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் சிலர் கூச்சமும் அச்சமும் கொள்கின்றனர். இரண்டும் வேண்டா. மார்பக ஸ்கேனில் ஊசியில்லை, வலியில்லை, எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சும் இல்லை. பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. தோலின்மேல் குளிர்ந்த பசை ஒன்றைத் தடவிக் கருவியை மெல்ல நகர்த்துவர். அப்பசை, ஒலியைத் தடுக்கும் காற்றை இடையே புகவொட்டாமல் காப்பதற்காக. கதிர்வீச்சு இல்லாமையால் இதனைத் திரும்பத் திரும்பச் செய்யினும் தீங்கில்லை.

அளவும் கணக்கும்

மருந்து தொடங்குமுன் முதல் ஸ்கேன் எடுக்கப்படும். கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறிப்பர்; அக்குளில் உள்ள நெறிகட்டிகளையும் பார்ப்பர். கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாகப் பல சுற்றுகள் நடக்கும். சில சுற்றுகள் கழிந்தபின் ஒரு ஸ்கேன், எல்லாம் முடிந்து அறுவைக்கு முன் ஒரு ஸ்கேன் என்று எடுத்து, முதல் அளவோடு ஒப்பிடுவர்.

இந்த ஒப்பீட்டுக்கு உலகெங்கும் வழங்கும் விதி ஒன்று 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2009 இல் திருத்தப்பட்டது. அது முதன்மையாக சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களுக்கென எழுந்ததாயினும், மார்பக ஸ்கேனிலும் அவ்விகிதங்களைக் கொண்டு பார்ப்பதுண்டு. கட்டியின் மிக நீண்ட அளவு நூற்றுக்கு 30 பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்துக்கு ஓரளவு கேட்டது என்று கொள்வர். அறவே காணாவிடில் முழுதும் கேட்டது என்பர். முன் கண்ட மிகச் சிறிய அளவினின்று நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் கூடினால் நோய் வளர்கிறது என்று பொருள். இடைப்பட்டது நிலைத்து நிற்றல்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். உருண்டையான ஒரு கட்டி 40 மில்லிமீட்டர் குறுக்களவு இருந்தது என்க. மூன்று சுற்றுக்குப்பின் அது 28 ஆயிற்று. குறைந்தது 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கன அளவைக் கணக்கிட்டால், முன்னர் 33½ கன சென்டிமீட்டராக இருந்தது 11½ ஆகிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. குறுக்களவு பாதியானால் கனம் எட்டில் ஒன்றாகிவிடும். எனவே அறிக்கையில் சிறு எண்ணைக் கண்டு மனம் தளர வேண்டா.

அதே வேளையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைக் கண்டு களிப்பதோ கலங்குவதோ கூடாது. கருவியை வைக்கும் கோணமும் பார்ப்பவர் கையும் மாறினாலே அவ்வளவு வேறுபாடு வரும். ஆளுக்கொரு முழக்கோல் கொண்டு ஒரே சேலையை அளந்தால் கணக்கு நேராகுமா? ஆகவே கூடியமட்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில் ஸ்கேன் எடுப்பது நன்று. முதல் ஸ்கேனைத் தொலைத்துவிட்டால் பின்னர் எடுப்பவை எல்லாம் ஒப்பிட ஆளின்றி நிற்கும்.

கட்டி குறையாமல் நின்றாலோ வளர்ந்தாலோ மருத்துவர் வாளாவிருப்பதில்லை. மருந்தை மாற்றலாம், அல்லது காத்திராமல் அறுவைக்கு நாள் குறிக்கலாம். நடுவில் எடுக்கும் ஸ்கேனின் பெரும்பயன் இதுவே. உடலை வாட்டும் மருந்தைப் பயனின்றி மாதக்கணக்கில் ஏற்றுவதை அது தடுக்கிறது. ஆயினும் எல்லாக் கட்டியும் ஒரே விதமாகச் சுருங்கும் என எதிர்பார்த்தல் பிழை. ஹார்மோனைச் சார்ந்து வளரும் கட்டிகள் கீமோவுக்குக் குறைவாகவே சுருங்கும். அவர்களுக்குப் பின்னர்க் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை பெரிதும் காக்கும். ஹார்மோனைச் சாராதவையும், ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்தவையும் தக்க மருந்துக்கு விரைவில் கேட்பதுண்டு. அடுத்த வீட்டுப் பெண்ணின் அறிக்கையோடு நம் வீட்டு அறிக்கையை ஒப்பிடுதல் ஆகாது.

மறைந்தது வேறு, தீர்ந்தது வேறு

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். மேற்கூறிய அமெரிக்க ஆய்வில், மருந்தை முன்னர்ப் பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 36 பேருக்குக் கட்டி கைக்குத் தட்டுப்படாமலே மறைந்தது. பின்னர் அறுவை செய்து எடுத்த பகுதியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவ்வாறு மறைந்தவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே பரவும் புற்று அறவே இல்லாதிருந்தது. மற்ற மூவருக்கும் கைக்கு அகப்படாத எச்சம் உள்ளே இருந்தது. அன்றைய மருந்துகளைக் காட்டிலும் இன்றைய மருந்துகள் வலியவை. முழுதும் நீங்கப்பெறுவோர் தொகையும் கூடியிருக்கிறது. எனினும் பாடம் மாறவில்லை. விரலுக்குத் தெரியாதது இல்லை என்று ஆகிவிடாது.

கையைவிட ஸ்கேன் நுட்பமானது. ஆயினும் ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. சில கட்டிகள் பனிக்கட்டி கரைவது போல ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். அவற்றை அளத்தல் எளிது. வேறு சில, செல்லரித்த துணி போல அங்கங்கே அழிந்து, நடுநடுவே உயிருள்ள சிறு திட்டுகளை விட்டுவைக்கும். அவற்றை ஸ்கேன் காணாமல் விடக்கூடும். மாறாக, புற்றணுக்கள் அனைத்தும் மடிந்த இடத்தில் வெறும் தழும்பு நின்று, கட்டி போலத் தோன்றுவதும் உண்டு. பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிவங்களை மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படமே நன்கு காட்டும். எஞ்சிய நோயை அளப்பதில் எம்.ஆர்.ஐ. இவற்றினும் துல்லியமானது, ஆனால் செலவு மிகுந்தது, எல்லா இடத்தும் கிடைப்பதன்று. ஆகவே எங்கும் கிடைக்கும் மீயொலியை அடிப்படையாக வைத்து, தேவை நேரும்போது மற்றவற்றையும் மருத்துவர் எழுதிக் கொடுப்பர். நோய் முழுதும் நீங்கியதா என்பதற்கு முடிவான தீர்ப்புச் சொல்வது, அறுவையில் எடுத்த பகுதியைப் பார்க்கும் நுண்ணோக்கிதான்.

கட்டி நன்றாகச் சுருங்குமென்று எதிர்பார்க்கும் இடத்தில் மருத்துவர்கள் ஒரு முன்னேற்பாடு செய்கின்றனர். மீயொலியின் துணையால் ஊசி வழியே எள்ளளவான உலோகக் குறி ஒன்றைக் கட்டிக்குள் வைத்துவிடுவர். கட்டி கரைந்து போனாலும் குறி நிற்கும். அது கட்டி இருந்த இடத்தை அறுவை மருத்துவருக்குக் காட்டும். அடையாளக் கல் நடாமல் வேலியைப் பிடுங்கிவிட்டால் எல்லை தெரியாமல் திண்டாடுவோமன்றோ? இக்குறி உடலுக்குத் தீங்கு செய்வதன்று. அஞ்சி மறுக்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் அறிந்தபின், கட்டி மறைந்ததென்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது எத்தகைய செயல் என்று உறுப்பினர்களே எண்ணிப்பார்க்கலாம். மூன்றாம் சுற்றில் கட்டி காணாமற்போகிறது. மஞ்சள் வெட்டும் காலம் வருகிறது, அல்லது பண்டிகைக்கு முன் பாவு முடிக்க வேண்டியிருக்கிறது. ‘அடுத்த மாதம் போகலாம்’ என்று குடும்பம் ஒத்திப்போடுகிறது. உள்ளே நின்ற எச்சம் மருந்தைத் தாங்கிப் பிழைத்த அணுக்கள். அவை திரும்ப வளரும்போது பழைய மருந்துக்கு எளிதில் கேளா. மருந்து நன்றாக வேலை செய்தது என்பது சிகிச்சையை நிறுத்தக் காரணமன்று. முடிக்கக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும் படங்களையும் ஒரே உறையில் தேதி வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் தேதி, கீமோ எத்தனையாவது சுற்று, கட்டியின் மூன்று அளவுகள் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், எந்த மருத்துவரிடம் காட்டினும் ஒரு நொடியில் விளங்கும். பாஸ் புத்தகத்தைப் பாதுகாக்கும் நமக்கு இது அரிய செயலன்று.

இரண்டாவது, மருத்துவரிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்: அடுத்த ஸ்கேன் எப்போது? முதல் அளவோடு ஒப்பிட எவ்வளவு குறைந்திருக்கிறது? குறி வைக்க வேண்டுமா? அறுவை எந்த மாதத்தில் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு விடை முன்கூட்டியே தெரிந்தால், விதைப்பையும் அறுவடையையும் தறி வேலையையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, செலவு. 2012 ஆம் ஆண்டில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். தகுதியுள்ள குடும்பங்கள், நோய் வந்தபின் அலையாமல், முன்னரே அட்டை பெற்று வைத்துக்கொள்ளல் நன்று. சேலத்திலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் பொம்மிடிக்கு நிலையம் அமைந்திருப்பது நமக்கு ஒரு வசதி. சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று பெற்று நிலையத்தில் காட்ட வேண்டும். இச்சலுகையை அறியாமல் முழுக்கட்டணம் கொடுத்துப் போய்வருவோர் பலர்.

நான்காவது, துணை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பயணம், இடையில் ஸ்கேன், பிறகு அறுவை, அதன்பின் சிலருக்குக் கதிர்வீச்சு என்று சிகிச்சை பல மாதம் நீள்கிறது. தனியொரு குடும்பம் இதைத் தாங்குவது கடினம். ஒரு வீட்டுப் பெண் ஸ்கேனுக்குப் போகும் நாளில் அவர் தறியின் பாவைப் பக்கத்து வீட்டார் ஓட்டித் தரலாம்; அவர் வயலுக்கு ஒரு நாள் தண்ணீர் கட்டலாம்; உடன் செல்ல ஆளில்லாதவர்க்கு ஒருவர் துணை போகலாம். பணமாகச் செய்ய இயலாதவர்களும் செய்யக்கூடிய உதவிகள் இவை. ஒருவர் சுமையைப் பலர் பகிர்ந்து கொள்வதற்குத்தானே சங்கம் கண்டோம்?

மார்பில் கட்டி தென்பட்டால் மறைக்காமல் காட்டுக. மருந்து தொடங்கினால், குறித்த நாளில் அளவு பார்க்கத் தவறாமல் செல்க. கட்டி மறைந்தாலும் அறுவை வரை சென்று சிகிச்சையை முடிக்க. இம்மூன்றையும் ஒவ்வோர் உறுப்பினரும் தம் இல்லத்துப் பெண்களுக்கு இன்றே எடுத்துரைப்பாராக.